குடற்சுவரின் மின்சாரம்

வெள்ளாற்றங்கரை ஊரான லப்பைக்குடிக்காட்டில் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் மறுகேள்வியின்றி எடுத்து நீட்டும் பொருள் ஒன்று உண்டு: உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கான பொட்டலம். குழந்தைக்குப் பேதி என்றால் மருத்துவர் எழுதித் தரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. ஒரு லிட்டர் நீருக்கான பொட்டலமானால் அதன் முதுகில் பொடியெழுத்தில் நான்கு வரிகள் இருக்கும். சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தி அமைத்த அளவுகள் இவை. உப்பும் சர்க்கரையும் எந்த அடுக்களையிலும் உள்ளவைதானே, இதில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்கத் தோன்றலாம். நம் குடற்சுவரில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் மிகச் சிறிய மின்சாரத்தைச் சிலர் கண்டு, அளந்து, புரிந்துகொண்ட வரலாறு அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் இருக்கிறது. கல்கத்தாவில் புறக்கணிக்கப்பட்ட ஒரு மருத்துவரும், பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆளான பெயர் தெரியாத சிலரும் அதன் முதன்மைப் பாத்திரங்கள். இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

வாந்திபேதி என்ற சொல் நம் பாட்டன்மார் காலத்தில் வெறும் நோயின் பெயராக இருக்கவில்லை. ஊரையே காலி செய்யவைத்த சொல் அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தில் பசியோடு கைகோத்து வந்து லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோனது காலரா. கடுமையாகத் தாக்குண்டவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீரை இழக்கக்கூடும். காலையில் வயலுக்குப் போனவர் மாலையில் கண் குழிந்து, தோல் சுருங்கி, குரல் மங்கி இறந்துபோவார். உடம்பிலிருந்து இத்தனை நீர் எப்படி வெளியேறுகிறது என்பதற்கு நெடுங்காலம் சரியான விடையில்லை. குடலின் உட்தோல் அழுகி உரிந்துவிடுகிறது, உரிந்த சுவரின் வழியே நீர் ஒழுகுகிறது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டு நோய்க்கூற்றியலர் பலருடைய நம்பிக்கை. அவர்கள் பார்த்தது இறந்தவர்களின் குடலை. இறந்தபின் குடல் விரைவில் சிதையும் என்பதை அவர்கள் போதிய அளவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கல்கத்தாவுக்கு வந்த ராபர்ட் கோக் 1884இல் காற்புள்ளி வடிவிலான கிருமியை இனங்கண்டார். அக்கிருமி ஒரு நஞ்சைச் சுரக்க வேண்டும் என்றும் ஊகித்தார். அந்த ஊகத்தை மெய்ப்பிக்க மேலும் எழுபத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆய்வாளர்கள் கிருமியை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்தினார்கள், வயிற்றறையில் செலுத்தினார்கள். விலங்குகள் இறந்தன. ஆனால் காலரா மட்டும் வரவில்லை. நோய் நிகழும் இடம் குடல் என்றால் குடலுக்குள்தான் தேட வேண்டும் என்ற எளிய எண்ணத்தை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டவர் சம்புநாத் டே.

1915இல் ஹூக்ளி மாவட்டத்தின் கரிபட்டி என்னும் கிராமத்தில் பிறந்த டே, லண்டனில் ராய் கேமரனிடம் ஆய்வு செய்து 1949இல் முனைவர் பட்டம் பெற்றுக் கல்கத்தா திரும்பினார். நகரின் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியப் பணி. அவரிடம் பெரிய கருவிகள் ஏதுமில்லை. முயலொன்றை மயக்கி, அதன் சிறுகுடலில் ஒரு சிறு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, உள்ளே கிருமியை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிடுவார். மறுநாள் திறந்து பார்த்தால் கட்டிய துண்டு நீரால் நிறைந்து பலூன்போல் உப்பியிருக்கும். பக்கத்தில் கட்டப்பட்ட, கிருமியில்லாத துண்டு சுருங்கியே கிடக்கும். இதனை அவர் 1953இல் சட்டர்ஜியோடு சேர்ந்து வெளியிட்டார். 1959இல் மேலும் ஒரு படி சென்றார். கிருமிகளை வளர்த்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. நீரை வரவழைப்பது கிருமி வெளியிடும் நஞ்சே என்பது உறுதியாயிற்று. 'நேச்சர்' இதழில் வந்த அக்கட்டுரை மிகச் சிறியது. அதே 1959இல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் தத்தா, பான்சே, குல்கர்னி ஆகிய மூவரும் முயற்குட்டிகளைக் கொண்டு ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். கண்டுபிடிப்புகளுக்கு ஒற்றைத் தந்தையைத் தேடும் வழக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை.

டேக்கு அவருடைய நாட்டில் கிடைத்த மரியாதை என்ன? இந்தியாவின் அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1973இல் அமைதியாக ஓய்வு பெற்றார். 1978இல் நோபல் அறக்கட்டளை காலராவைப் பற்றி நடத்திய கருத்தரங்குக்கு அவரை அழைத்தபோது, அறுபதுகளிலேயே இறந்துபோன தம்மை இந்தக் குழுவினர் தோண்டியெடுத்திருக்கிறார்கள் என்ற பொருளில் அவர் பேசியதாகக் கூறுவர். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவருடைய பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். பரிசு வரவில்லை. 1985இல் டே மறைந்தார். பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' அவருக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது 1990இல். கோக்கின் பெயர் நம் பள்ளிப் பாடநூல்களில் இருக்கிறது. டேயின் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. இதைக் கோபமின்றி எழுத நம்மால் இயலவில்லை.

நஞ்சு நீரை வரவழைக்கிறது, சரி. எப்படி வரவழைக்கிறது? இவ்விடத்தில் நாம் கல்கத்தாவை விட்டுக் கோபன்ஹேகனுக்குப் போக வேண்டும். மின்சாரம் நம் கதைக்குள் நுழைவது அங்கேதான்.

உயிருக்கும் மின்சாரத்துக்குமான உறவு தவளையில் தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் கால்வானி, அறுத்த தவளைக்கால் துடிப்பதைக் கண்டார். நரம்பும் தசையும் மின்னால் இயங்குகின்றன என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் தாவரங்களின் மின்துலங்கலை அளந்ததும் அந்த வழியில்தான். ஆனால் துடிக்காத, சிலிர்க்காத, சும்மா ஒரு சுவராக நிற்கும் திசுவுக்கும் மின்சாரம் உண்டா? ஹான்ஸ் உசிங் என்ற டென்மார்க் அறிஞர் மீண்டும் தவளையையே எடுத்தார். இம்முறை அதன் தோலை. தோல் துண்டொன்றை இரு அறைகளுக்கு நடுவே திரைபோலப் பொருத்தி இருபுறமும் ஒரே உப்புநீரை நிரப்பினார். இருபுறமும் ஒன்றேயாயினும் தோலின் இரு முகங்களுக்கிடையே மின்னழுத்தம் இருந்தது. வெளியிலிருந்து எதிர்மின்னோட்டம் செலுத்தி அந்த அழுத்தத்தைச் சுழியாக்கினார். அதற்குத் தேவைப்பட்ட மின்னோட்டம் எவ்வளவோ, அவ்வளவு சோடியம் தோலைக் கடந்து செல்கிறது என்பதை 1951இல் செரானுடன் இணைந்து காட்டினார். உப்பு கடந்து செல்வதை அம்மீட்டர் முள்ளைக் கொண்டு அளக்கும் வழி பிறந்தது. அந்தக் கருவிக்கு இன்றும் உசிங் அறை என்றே பெயர்.

இதன் உட்பொருளை எளிமையாகச் சொல்ல முயல்வோம். ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். சவ்வில் பதிந்த ஒரு பம்பு மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்தபடி இருக்கிறது. ஆர்ஹூஸ் நகரில் ஜென்ஸ் ஸ்கோ 1957இல் நண்டின் நரம்பிலிருந்து இதைக் கண்டறிந்தார். நோபல் பரிசு வர நாற்பதாண்டுகள் ஆயின. பம்பு உள்ளே சேர்த்த பொட்டாசியம் சிறுகச் சிறுகக் கசிந்து வெளியேறுவதால் செல்லின் உட்புறம் எதிர்மின் தன்மை அடைகிறது. இந்த அழுத்தம் 50 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசி மின்கலத்தின் முன் இது தூசு. ஆனால் அது விழுவது 5 நானோமீட்டர் தடிமனின் மேல். மீட்டர் கணக்கில் பெருக்கினால் மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட். அத்தகைய புலத்தைத் தாங்கிக்கொண்டுதான் நம் குடலின் ஒவ்வொரு செல்லும் உட்கார்ந்திருக்கிறது.

காலரா நஞ்சு இந்தப் பம்பை முடக்குகிறது என்று முதலில் ஒரு கொள்கை எழுந்தது. தவளைத்தோலில் நடந்த சோதனைகள்கூட அதற்குச் சாட்சியம் கூறின. கொள்கை தவறு. 1960இல் பாங்காக்கில் உயிரோடிருந்த நோயாளிகளின் குடலிலிருந்து எடுத்த திசுவை கங்கரோசாவும் குழுவினரும் ஆராய்ந்தபோது சுவர் உரியவில்லை, முழுமையாகவே இருக்கிறது என்று தெரிந்தது. பின்னர் அமெரிக்காவில் மைக்கேல் ஃபீல்டு முயலின் குடலை உசிங் அறையில் பொருத்திப் பார்த்தார். சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு செல்லுக்குள் பெருகினால் குடல் குளோரைடை வெளியே சுரக்கத் தொடங்கும் என்று கண்டார். காலரா நஞ்சு செய்வது அதைப் பெருக்குவதுதான். பம்பு பழுதடையவில்லை. குளோரைடு வெளியேறும் வாசல் திறந்தே கிடக்கிறது. உட்புறம் எதிர்மின்னாக இருப்பதால், எதிர்மின் அயனியான குளோரைடு அந்த வாசல் வழியே தள்ளப்படுகிறது. அதன் பின்னால் செல்களின் இடுக்குவழியே சோடியம் போகிறது, உப்பின் பின்னால் நீர். சோற்றுக்கஞ்சி வடித்த நீர்போல் வெளியேறும் அந்தப் பேதிக்கு இதுவே காரணம்.

வாசல் திறந்திருந்தாலும் வேறொரு வாசல் கெடாமல் இருக்கிறது என்பதுதான் லட்சோபலட்சம் உயிர்களைக் காத்த செய்தி. சர்க்கரையும் சோடியமும் சேர்ந்தே குடற்செல்லுக்குள் நுழைகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் முன்வைத்தார். நஞ்சு இதைத் தொடுவதில்லை. ஆகவே உப்போடு சர்க்கரை கலந்து குடிக்கக் கொடுத்தால் நீர் உள்ளே திரும்பும். 1968இல் டாக்காவில் நாலினும் கேஷும் இதை நோயாளிகளிடம் நிறுவினார்கள். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த போங்கான் முகாமில் நரம்புவழித் திரவம் தீர்ந்துபோனபோது திலீப் மஹலநாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் பீப்பாய்களில் கரைத்து உறவினர்களின் கையில் கொடுத்தார். முப்பது விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. அவர் 2022இல் மறைந்தார். பத்ம விபூஷண் அவருக்கு 2023இல்தான் வந்து சேர்ந்தது.

நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வாசல் எப்படிப்பட்டது, எது திறக்கிறது, எது மூடுகிறது என்பதை அறிய முயலும் தவளையும் போதவில்லை. மனிதக் குடல் தேவைப்பட்டது. நலமுள்ள மனிதனின் குடற்செல்லை வெளியே எடுத்தால் அன்று சில நாள்களில் இறந்துவிடும். இறக்க மறுத்த குடற்செல் அன்று ஒன்றுதான் இருந்தது. அது புற்றுநோய்ச் செல்.

நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோர்கன் ஃபோக் 1964இல் 44 வயதுப் பெண் ஒருவரின் பெருங்குடல் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்வரிசைக்கு எச்.டி.-29 என்று பெயர். கேகோ-2 என்னும் வரிசை 72 வயது ஆண் ஒருவருடையது. டி-84 என்பதும் 72 வயது ஆண் ஒருவருடையதே. பெருங்குடலிலிருந்து நுரையீரலுக்குப் பரவிய கட்டியிலிருந்து வந்தது. இவர்களைப் பற்றி உலகுக்குத் தெரிந்தது வயதும் பாலும் நோயும் மட்டுமே. 1951இல் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸின் பெயராவது இருபதாண்டு மறைப்புக்குப் பின் வெளியே வந்தது. இந்த மூவருக்கும் அதுவும் இல்லை. ஆனால் இவர்களின் செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இளஞ்சிவப்பு நிற வளர்ப்புத் திரவத்தில் பெருகிக்கொண்டிருக்கின்றன.

இச்செல்களின் நடத்தையில் ஒரு விந்தை உண்டு. எச்.டி.-29 செல்களுக்குக் குளுக்கோஸை ஊட்டினால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்கின்றிக் குவியும். 1982இல் பிரான்சில் பிண்டோ, ஸ்வைபாம் ஆகியோர் குளுக்கோஸுக்குப் பதிலாகக் காலக்டோஸை ஊட்டினார்கள். அதே செல்கள் வரிசையில் நின்றன, மேலும் கீழும் பிரித்தறிந்தன, தலையில் குச்சங்கள் வளர்த்தன. தாம் குடலாக இருந்ததை நினைவுகூர்ந்ததைப் போல என்று எழுதத் தோன்றுகிறது. அறிவியலாளர் அன்பர்கள் இந்த உவமையை மன்னிக்க வேண்டும்.

டி-84 செல்களுக்கு அந்தத் தூண்டுதலும் தேவைப்படவில்லை. சான் டியேகோவில் பணியாற்றிய கியர்டிசின் தர்மசதபோர்ன் என்னும் தாய்லாந்து மருத்துவர் அவற்றை நுண்துளைகள் கொண்ட படலத்தின் மேல் வளர்த்தார். ஒற்றை அடுக்காகப் பரவி, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, மின்தடை மிகுந்த ஒரு விரிப்பாக அவை அமைந்தன. அந்த விரிப்பை உசிங் அறையில் பொருத்தி, குடலைச் சுரக்கத் தூண்டும் பொருள்களை இட்டபோது மின்னோட்டம் எழுந்தது. அது குளோரைடு கீழிருந்து மேலாகக் கடப்பதன் மின்னோட்டம். 1984இல் வெளியான அக்கட்டுரைக்குப் பிறகு, ஒரு புற்றுநோய்க் கட்டியின் செல்கள் நலமுள்ள மனிதக் குடலுக்குப் பதிலாளாக நின்று சாட்சி சொல்லத் தொடங்கின.

அடுத்தது வாசலையே தனித்துப் பார்ப்பது. ஜெர்மனியின் எர்வின் நேயரும் பெர்ட் சக்மானும் 1976இல் உருவாக்கிய 'பேட்ச் கிளாம்ப்' உத்தியில், நுனி மிகக் குறுகிய கண்ணாடிக் குழாயைச் செல்லின் சவ்வில் ஒட்டவைத்து, அந்தச் சிறு வட்டத்துக்குள் உள்ள ஒற்றை வாசல் திறந்து மூடுவதை மின்னோட்டமாகப் பதிவு செய்ய முடிந்தது. 1987இல் ஹேஸ்லெட், கிரெகர் முதலியோர் எச்.டி.-29 செல்களிலும், மறு ஆண்டு ஹாம், ஃபிரிசெல் முதலியோர் டி-84 செல்களிலும் மேல்முகத்துக் குளோரைடு வாசல்களை இவ்வாறு பதிவு செய்தார்கள். வரைபடத்தில் அது மதில்போலத் தெரியும். சட்டென்று ஏறும், சிறிது நேரம் தட்டையாக ஓடும், சட்டென்று இறங்கும். பாதி திறந்த நிலை என்று பெரும்பாலும் ஒன்றில்லை. 1989இல் டொராண்டோவிலும் மிச்சிகனிலும் ட்சூயி, ரியோர்டன், காலின்ஸ் ஆகியோர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோயின் மரபணுவைக் கண்டறிந்தனர். அந்த மரபணு செய்யும் சி.எஃப்.டி.ஆர். புரதமே காலரா நஞ்சு திறந்துவிடும் வாசல் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒரு நோயில் திறக்காத கதவு மற்றொன்றில் மூடாத கதவு.

புற்றுநோய்க்கும் இந்த மின்னழுத்தத்துக்கும் நேரடி உறவுண்டா என்ற கேள்வி வாசகர்களுக்கு எழுந்திருக்கும். அமெரிக்காவின் கிளாரன்ஸ் கோன் 1971இல், இடையறாது பிரியும் செல்களின் உட்புறம் எதிர்மின் தன்மை குன்றியிருக்கிறது, புற்றுநோயின் வேர் அங்கேயே இருக்கலாம் என்று ஒரு பொதுக்கொள்கையை முன்வைத்தார். அழகான எண்ணம். ஆனால் அழுத்தம் குன்றுவதால் செல் பெருகுகிறதா, பெருகுவதால் குன்றுகிறதா என்பதைப் பிரித்தறிவது கடினம். முழு விளக்கமாக அதை ஏற்க நமக்குத் தயக்கமே. இந்த எண்ணத்தைக் காட்டி மின்தட்டு வைத்தியம் விற்போரிடம் அன்பர்கள் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

இக்கதையில் தென்னாட்டுக்கும் பங்குண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் சந்தியா விஸ்வேஸ்வரய்யா தொண்ணூறுகளில் ஆராய்ந்தது ஈ. கோலை கிருமியின் மற்றொரு பேதி நஞ்சு பற்றும் கைப்பிடியை. அதற்குக் குவானிலைல் சைக்ளேஸ்-சி என்று பெயர். அவரும் குழுவினரும் 1994இல் அதை ஆராயக் கையாண்டவை அதே டி-84 செல்கள். 2012இல் நார்வே நாட்டுக் குடும்பமொன்றில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த பேதிக்குக் காரணம் இந்தக் கைப்பிடியின் மரபணுவில் நேர்ந்த ஒற்றை மாற்றமே என்று நிறுவிய ஆய்விலும் அவர் பங்கேற்றார். கிருமியே இல்லாமல் அவர்களுக்குக் குளோரைடு வாசல் திறந்திருந்தது.

நம் மண்ணுக்கு இன்னும் அணுக்கமானது வேலூர். அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் குடல்நோய் ஆய்வுக்கு நெடிய மரபு உண்டு. செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் ஆகியோரின் வழியில் வந்த பி. எஸ். ராமகிருஷ்ணா ஒரு கேள்வியைக் கேட்டார். உப்புச் சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது சிறுகுடலில். உடம்பின் நீரை மீட்கும் பேராற்றல் பெருங்குடலுக்கும் உண்டு. காலராவின்போது அதை ஏன் சும்மா விட்டுவைக்கிறோம்? சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுப்பொருள் பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக்கும். அந்த அமிலங்களை உறிஞ்சும்போது பெருங்குடல் செல்கள் சோடியத்தையும் உடன் இழுத்துக்கொள்ளும், சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகியிருந்தாலும். யேல் பல்கலைக்கழகத்தின் ஹென்றி பைண்டரோடு சேர்ந்து, வேலூரில் 48 காலரா நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான கரைசல், ஒரு பிரிவினருக்கு அதோடு லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவு, மற்றொரு பிரிவினருக்கு அதே அளவு எளிதில் செரிக்காத சோள மாவுப்பொருள். செரிக்காத மாவுப்பொருளைக் குடித்தவர்களுக்குப் பேதி விரைவில் நின்றது, இழந்த நீரும் குறைந்தது. 2000ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை வெளியிட்டது.

சோறு ஆறிக் குளிரும்போதும் அதன் மாவுப்பொருளில் ஒரு பகுதி செரிக்காத வடிவுக்கு மாறுகிறது. பழைய சோற்று நீரையும் கஞ்சியையும் பேதிக்காரருக்குக் கொடுத்து வந்த நம் வீடுகளில் யாரும் அதைக் கணக்கிட்டுக் கொடுத்ததில்லை என்பதையும், வேலூரில் அளந்து கொடுத்தது சோள மாவுப்பொருளைத்தான், பழைய சோற்றையன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2002இல் அளவுகளைத் திருத்தியபோது இந்த மாவுப்பொருள் அதில் இடம்பெறவில்லை. பொட்டலத்தின் முதுகில் ஐந்தாவது வரி இன்னும் ஏறவில்லை.